ஆடிட்டுக்கு ஒளித்த பிள்ளைகள்

ஹெலனை எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்பார்கள். நல்லவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளைப் போல ஒரு பிடிவாதக்காரி கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. ரவிக்கைக்குக் கை நீளம் அரை விரல் குறைந்துவிட்டால்கூட என்னை மறுபடி பிரித்துத் தைக்க வைத்துவிட்டுத்தான் வாங்கிப் போவாள். என் தையல் கடைக்கு நேர் எதிரே, சர்ச் ஓரத்து ஹாலில்தான் அவள் சாயங்கால வகுப்பு நடந்தது. மிஷினில் உட்கார்ந்தபடி அதை தினமும் பார்த்தவள் நான். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவளுடைய அப்பா அம்மா முனுசாமியின் கழனியில் நாற்று நட்டவர்கள். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் பூர்வீகம். இப்போது கழனிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முனுசாமி புலம்புகிறார். எங்கள் ஆட்களெல்லாம் விடிந்தால் ஹைவேயில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஹெலன் ஆசிரியர் பயிற்சி முடித்தாள், தகுதித் தேர்வும் எழுதிப் பாஸ் செய்தாள். சர்டிபிகேட் வந்தது, வேலை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக் கல்யாணமும் ஆகி, கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. ஒரு பீஸுக்கு இத்தனை விநாடி என்று தலைக்கு மேல் ஒரு பெட்டி ஓடிக்கொண்டே இருக்குமாம். கனவில்கூட அந்தப் பெட்டி ஓடுகிறது அக்கா என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் இந்தப் பணம் வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டுமென்று சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்த பணம். அந்த நிறுவனத்தில் இருந்து அன்புசெல்வன் என்ற சார் பைக்கில் வந்து, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லித்தர உள்ளூர் ஆள் வேண்டும் என்றார். சம்பளம் கம்பெனியைவிடக் கம்மி. ஹெலன் மறுநாளே கம்பெனி ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரன் ஜெரால்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அப்புறம் அவனே எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தான்.

அவள் வகுப்பில் ஒரு விசித்திரம் உண்டு. பிள்ளை ஒரு எழுத்தில் நின்றுவிட்டால் அவள் எடுத்துக் கொடுக்கமாட்டாள். திட்டவும் மாட்டாள். சும்மா காத்திருப்பாள். மற்ற பிள்ளைகள் முணுமுணுத்தால் கையைக் காட்டி அடக்குவாள். எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்கே பொறுக்காமல், "சொல்லிக் குடுத்துட்டுப் போயேன்டி" என்று கத்தலாம் போலிருக்கும். கம்பெனியில் விநாடிக்கு ஓடியவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கே இருந்ததோ. அந்தப் பெட்டியைப் பழிவாங்குகிறாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

அதிகம் காத்திருக்க வைத்தவள் ஜெனிபர், மோசஸின் மகள். கொரோனாவில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் வீட்டிலேயே கழித்தவள் அந்தப் பெண். பள்ளிக்கூடம் திறந்தபோது நேரே மூன்றாவதில் உட்கார வைத்துவிட்டார்கள். அஞ்சாவது வந்தும் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. மற்றபடி மகா கெட்டிக்காரி. எந்தக் கம்பெனி பஸ் எது என்று கலரை வைத்தே தூரத்தில் சொல்லிவிடுவாள். நீலப்பட்டை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று காலனியே அப்படித்தான் பஸ் ஏறியது. பிறகு கான்ட்ராக்டர் மாறி எல்லா பஸ்ஸும் வெள்ளையாகிவிட்டது. போகிற ஊரைத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். என் நாத்தனார் ஒரு நாள் அவசரத்தில் ஏறித் தூங்கிவிட்டு, ஆந்திரா எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் கண் விழித்தாள். ஜெனிபருக்கும் அன்றிலிருந்து பஸ் தெரியாமல் போனது.

இந்த நிலைமையில்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாசம் அன்புசெல்வன் சார் வந்து, பணம் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு அம்மா நேரில் வருகிறார் என்றார். பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பார்ப்பாராம். அடுத்த வருஷம் இந்த வகுப்புக்குப் பணம் உண்டா இல்லையா என்று அவர்தான் முடிவு பண்ணுவாராம். ஹெலன் சரி சார் என்றாள். அவளுக்குப் பயமில்லை. தெருவுக்குத்தான் பயம் பிடித்துவிட்டது.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஆள் வந்து பார்க்கிறார் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆடிட். வெளிநாட்டுக் கஸ்டமர் கம்பெனியைப் பார்க்க வருகிற நாளில் தரை பளபளக்கும். ஷூ இல்லாத கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அன்றைக்கு லீவு. பழுதான பீஸ்களைப் போடுகிற சிவப்பு டப்பாவைப் பின்பக்கக் கொட்டகையில் கொண்டுபோய் மூடி வைத்துவிடுவார்கள். வந்தவர் நல்ல பீஸாகப் பார்த்து, கை குலுக்கி, அடுத்த ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போவார். எல்லோருக்கும் வேலை நிற்கும். மோசஸ் லைன் லீடர். இருபது வருஷமாக எந்த ஆடிட்டிலும் தோற்காத லைன் அவனுடையது. அந்தக் கதையை வீட்டில் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி தினமும் சொல்லுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் சர்ச் வாசலில் மோசஸ் எல்லோரையும் நிறுத்தினான். ஹெலன் இல்லாத நேரம் பார்த்துத்தான். அவளிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள், அந்தப் பொண்ணு நமக்காக வேலையை விட்டு வந்தவள், அவளுக்கு ஒரு குறை வரக்கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

அந்த அம்மா வருகிற சனிக்கிழமை, வழி காட்டுவதற்காக ஹெலன் ஹைவேக்குப் போய் நின்றாள். அவள் தலை மறைந்ததும் வேலை ஆரம்பித்தது. திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் பன்னும் ஜூஸ் பாக்கெட்டும் கொடுத்து முனுசாமியின் பம்ப் செட்டுக்கு அனுப்பினார்கள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்து நகரில் மெட்ரிக் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். மோசஸ் திருநின்றவூரிலிருந்து தன் தங்கை பிள்ளைகளையே வரவழைத்திருந்தான். பம்ப் செட்டுக்கு முதலில் அனுப்பிய பிள்ளை யார் தெரியுமா? ஜெனிபர்தான். அவனே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தான்.

கார் வந்து நின்றது. வெள்ளைக்காரம்மா வயதானவர், நல்ல சிரிப்பு. ஹெலன் முன்னால் நடந்து ஹாலுக்குள் காலை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே பாதி முகங்கள் அவளுக்குத் தெரியாத முகங்கள். பின்னால் அந்த அம்மா, பக்கத்தில் பூரித்துப்போன அன்புசெல்வன் சார். வாசலில் மோசஸ் கையெடுத்துக் கும்பிட்டபடி அவளைப் பார்த்தான், சத்தம் போடாதே தாயே என்கிற மாதிரி. அவள் வாயைத் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகள் தண்ணீர் பட்ட பாடாகப் படித்தார்கள். திருநின்றவூர்ப் பெண் கேட்காத பாராவையும் சேர்த்தே படித்தாள். வெள்ளைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று ஏதோ பேசினார், அன்புசெல்வன் சார் தமிழில் சொன்னார். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், இனி இந்த ஊருக்கு எங்கள் உதவி தேவையில்லை, படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிற வேறு ஊருக்கு அடுத்த வருஷம் இந்தப் பணம் போகும், அந்தப் பெருமை உங்களுக்குத்தான். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். பலமாகத்தான் தட்டினார்கள். கார் கிளம்பின பிறகுதான் இன்னா சொன்னாங்க என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

விஷயம் விளங்கினபோது மோசஸின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"ஆடிட்டு பாஸானா ஆர்டரு குடுப்பான். இவங்க இன்னா, பாஸானதுக்கு ஆர்டர கேன்சல் பண்ட்டு போறாங்க?" என்றான்.

ஹெலன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். என் பிள்ளைங்க எங்கே என்று மட்டும் கேட்டாள். யாரோ கழனிப் பக்கம் கையைக் காட்டினார்கள். அவள் போன வேகத்தைப் பார்த்து நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பம்ப் செட்டில் பிள்ளைகள் தண்ணீரில் காலை விட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கஷ்டமும் இல்லை அவர்களுக்கு. ஜெனிபர் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"மிஸ், ஆடிட்டு முட்ஞ்சிச்சா? செவப்பு டப்பாவ வெளிய எடுக்கலாமா?" என்றாள்.

தமாஷுக்குத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஹெலன் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மோசஸ் அவள் வீட்டுக்குப் போய்த் திண்டாடி நின்றான். உனக்காகத்தானே செய்தேன், எம் பொண்ணு தடுமாறி உன் வேலைக்கு உலை வைத்துவிடுவாளோ என்று பயந்துதானே அவளையே முதலில் அனுப்பினேன் என்றான். பொய்யில்லை. அவன் மனசு எனக்குத் தெரியும்.

"உம் பொண்ணு, செவப்பு டப்பாவ வெளிய எடுக்கலாமான்னு உன்ன கேக்கலண்ணா, என்ன கேட்டா. நான் அவளுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாள் ஹெலன்.

திங்கட்கிழமை என் கடையில் உட்கார்ந்துதான் அன்புசெல்வன் சாருக்குப் போன் போட்டாள். மோசஸும் ஷிப்ட்டுக்குப் போகாமல் வந்து நின்றிருந்தான். தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று போனுக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீ சொன்னா காலனியே பொய் சொல்ச்சின்னு ஆவும். அப்பால க்ளாஸே இருக்காது. நான் சொன்னா நான் மட்டும்தான் போவேன்" என்றாள்.

போனில் அன்புசெல்வன் சார் முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், விட்டுவிடம்மா, ரிப்போர்ட் போய்விட்டது, இதைக் கிளறினால் உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு என்றார். கெட்டவரில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. இவள் விடவில்லை. சரி, அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்தது யார் என்று கேட்டார்.

"க்ளாஸ் என்னுது சார். அதுல யாரு உக்காந்தாலும் நான்தான் பொறுப்பு" என்றாள்.

மோசஸ் கடைக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

விஷயம் காதுக்குப் போனதும், வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் இன்னொரு முறை வந்தார். இந்த முறை யாரும் யாரையும் ஒளிக்கவில்லை. மோசஸே ஜெனிபரைக் கொண்டுவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தான். படிக்கக் கொடுத்தது, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று அன்புசெல்வன் சார் ஒரு தாளில் எழுதிவந்த பாரா. அப்பா கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனார் என்று ஆரம்பிக்கும். ஜெனிபர் அப்பா என்ற சொல்லைப் படித்தாள். கு என்றாள். ம் என்றாள். நின்றுவிட்டாள். ஹெலன் காத்திருந்தாள். அதைப் பார்த்து அந்த அம்மாவும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வாசலில் நின்ற நாங்களும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். அவள் பிறந்ததிலிருந்து தினமும் வாயால் சொல்லுகிற ஊர்தான். கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, "வர்ல மிஸ்" என்றாள்.

வகுப்பு பிழைத்தது. பணம் நீடிக்கும் என்று எழுத்தாகவே வந்தது. ஆனால் வேறு பிள்ளைகளைக் காட்டிய வகுப்பில் அதே டீச்சர் இருக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டமாம். கிளம்புகிற முன் அந்த அம்மா ஹெலனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். அவருக்கு வருத்தம், சட்டம் மேலிடத்தினுடையது என்று அன்புசெல்வன் சார் சுருக்கிச் சொன்னார். எங்கிருந்தோ வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கிறவர்கள், ஏமாறாமல் இருக்க ஒரு சட்டம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை, இன்றைக்கும் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னவளைத்தான் அந்தச் சட்டத்துக்குப் பிடிக்கத் தெரிந்தது.

பொங்கலுக்கு அப்புறம் தமிழ்செல்வி என்ற பெண் கும்மிடிப்பூண்டியிலிருந்து வர ஆரம்பித்தாள். சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு. ஹெலன் அவளிடம் சாவியைக் கொடுத்து, சாக்பீஸ் இருக்கிற இடத்தைக் காட்டி, எந்த ஜன்னலில் சாரல் அடிக்கும் என்பதையும் சொன்னாள். ஜெனிபரைப் பற்றி மட்டும் தனியாகச் சொன்னாள்.

"அவளுக்கு எடுத்துக் குடுக்காத. காத்துக்கினு இரு. வந்துரும்."

மோசஸ் தன் கம்பெனியில் பேசி ஹெலனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான். அவன் லைனிலேயே. அவனால் செய்ய முடிந்தது அதுதான். ஆறு வாரமோ என்னமோ கழித்து, ஒரு திங்கட்கிழமை முதல் ஷிப்ட்டுக்கு ஹெலன் ஹைவேயில் வந்து நின்றாள். பழையபடி கழுத்தில் ஐடி கார்டு. நான் பால் வாங்கப் போனவள், அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஜெனிபர் அப்பாவின் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

வெள்ளை பஸ் ஒன்று வந்தது. போனது. இன்னொன்று வந்து நின்றது. மோசஸ் படியில் ஏறிவிட்டான், மற்றவர்களும் ஏறினார்கள். ஹெலன் ஏறவில்லை. அவள் ஜெனிபரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் கவனித்தேன், அந்தப் பெண் பஸ்ஸுக்கு நேர் முன்னால் போய் நின்று, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கு" என்றாள். "ம்... மி..."

டிரைவர் வரதன் ஹாரனை அடித்தான். நேரமாகிறது, லேட் பஞ்ச் விழும், பொண்ணை நகரச் சொல்லு என்று கத்தினான். ஹெலன் அசையவில்லை. மோசஸ் படியிலிருந்து எட்டி வரதனின் தோளில் கையை வைத்தான்.

"இர்ரா வரதா. படிக்கட்டும்."

"டி" என்றாள் ஜெனிபர். அங்கே நின்றுவிட்டாள். அடுத்தது என்ன என்று எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் வாயைக் கட்டிப்போட்டது அந்த ஒரு தடவைதான். பின்னால் ஒரு லாரிக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

"ப்... பூ... ண்... டி." அப்புறம் அவசரமாக முழுசாகச் சொன்னாள். "கும்மிடிப்பூண்டி! மிஸ், இது உன் பஸ்ஸு. ஏறு."

ஹெலன் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாளா என்றால், எனக்குத் தெரியாது. என் கண்ணில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் போன அத்தனை பேருக்கும் லேட் விழுந்ததாம். லைன் லீடரே லேட்டா, என்ன காரணம் என்று மேனேஜர் மோசஸைக் கூப்பிட்டுக் கேட்டாராம். டயர் பஞ்சர் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவனுக்கு அது கைவந்த கலை. எல்லோரும் கேட்கும்படி, "எம் பொண்ணு படிச்சிக்கினு இருந்தா சார்" என்றானாம்.